தோட்டத்தின் இரண்டாவது நிலநடுக்கம்

நிலநடுக்க ஆய்வாளர் டாக்டர் கலைமகள் தொகுத்த பட்டியலில் மலேசியாவின் பீடோங் வட்டாரத்துக்கு இரண்டு பழைய நிலநடுக்கங்கள் இருக்கின்றன. போருக்கு முந்தைய ஓர் ஆண்டில், ஒரே காலையில், அரை மணி நேர இடைவெளியில் வந்தவை. முதலாவது சுமத்ராவில் பிறந்தது. பட்டணத்துப் போலீஸ் நிலையத்தில் எழுதி வைத்திருந்தார்கள். இரண்டாவதை எங்கள் ரப்பர் தோட்டத்து ஆபீஸ் மட்டும் எழுதி வைத்திருந்தது. தோட்டத்தில் மட்டும் உணரப்பட்டதால் அது தோட்டத்துக்கு அடியிலேயே பிறந்திருக்க வேண்டும் என்று அவர் முடிவு கட்டினார். அங்கே ஒரு நிலப்பிளவையும் வரைந்து, வெளிநாட்டு மாநாட்டில் கைதட்டல் வாங்கிக்கொண்டு வந்தார்.

எங்கள் தோட்டத்துக் கடிகாரம் அரை மணி முந்தி ஓடும். விடிவதற்குள் ஆட்களை மரத்தடிக்கு விரட்ட வெள்ளைக்காரத் துரை செய்த ஏற்பாடு அது. பட்டணத்தில் ஐந்தரை என்றால் எங்களுக்கு ஆறு; பெரட்டுக்கு வரிசையில் நின்று பேர் கொடுத்தாக வேண்டும். அங்கே பிறந்த எல்லாருக்கும் இது தெரியும். கலைமகள் ஒருவரையும் கேட்கவில்லை. கேட்கப் போயிருந்தால் செருப்பில் சேறு பட்டிருக்கும். ஒரே அதிர்ச்சியை இரண்டு கடிகாரங்களில் படித்துவிட்டு இரண்டாக எண்ணினார்.

இது என் வரைக்கும் வந்ததற்குக் காரணம், நான் நிலநடுக்கப் பதிவு நிலையத்தில் வேலை செய்கிறேன், அதே தோட்டத்தில் பிறந்தவன். தோட்டத்தை வைத்திருக்கும் கம்பெனி அங்கே உயரமான அடுக்குமாடி கட்டப் போகிறது. லயத்து வீடுகளில் மிஞ்சியிருக்கும் குடும்பங்கள் வெளியேற வேண்டும். என் அக்கா திலகாவும் அவர்களில் ஒருத்தி. குடியிருப்பாளர் செயலவைத் தலைவர் பசுபதி அண்ணனுக்கு அந்தப் பட்டியல் எங்கிருந்தோ கிடைத்தது. அடியில் பிளவு இருந்தால் மேலே மாடி எழும்பாது என்று அவர் கணக்குப் போட்டார்.

அவர் கொடுத்த ஆட்சேபத்தின் மேல் விசாரணை வைத்தார்கள். அதற்கு முந்தைய நாள் பீடோங் சாப்பாட்டுக் கடையொன்றில் நானும் அவரும் கலைமகளும் உட்கார்ந்தோம். கடிகாரத்தைப் பற்றிச் சொன்னேன். கலைமகள் தே தாரிக் டீ கிளாஸைத் திருப்பிக்கொண்டே இருந்தார். பசுபதி சிரித்தார்.

"தெரியும் தம்பி. பெரட்டு மணி அடிச்சதே எங்க தாத்தாதான்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"அந்தம்மா கேக்கல, நான் சொல்லல. நீ மட்டும் எதுக்கு வாயத் தொறக்கற?"

கலைமகள் கிளாஸைக் கீழே வைத்தார். கட்டுரை அச்சாகிவிட்டதாம். மூன்று பேராசிரியர்கள் சரிபார்த்தார்களாம். அந்த மூவருக்கும் பீடோங் கிழக்கா மேற்கா என்று தெரிந்திருக்காது.

மறுநாள் கம்பெனியின் பொறியாளர் இஸ்ஸத் திரையில் ஒரு வரைபடம் காட்டினார். எங்கள் நிலையத்துப் பதிவுதான். பத்தாண்டுகளில் தோட்டத்தின் அடியில் ஓர் அசைவும் இல்லை. கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. விசாரணை அதிகாரி ஐனா, நிலையத்தின் சார்பில் சாட்சி சொல்ல வந்திருந்த என்னைப் பார்த்தார்.

அந்தப் பத்தாண்டுகளில் பாதிக்கு மேல் கருவி வேலை செய்யவில்லை என்றேன். மின்னல் விழுந்தது, கேபிளை எலி கடித்தது, பழுது பார்க்க ஆள் வரவில்லை. பதிவே இல்லாத மாதங்களுக்கு இஸ்ஸத் பூஜ்யம் போட்டிருந்தார். வராத ஆளைப் பெரட்டில் நின்றதாக எழுதுவதைப் போன்ற வேலை. மென்பொருள் அப்படித்தான் எடுத்துக்கொள்ளும் என்றார் இஸ்ஸத். அதைச் சொல்ல அவருக்கு வெட்கமும் இல்லை.

பின்வரிசையில் பசுபதி உற்சாகமாகத் தொடையைத் தட்டிக்கொண்டார். அப்போது ஐனா இரண்டாவது நிலநடுக்கத்தைப் பற்றியும் கேட்டார். திலகா அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோட்டத்துக் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லி முடித்தேன். கலைமகள் கைப்பேசியில் எதையோ தேட ஆரம்பித்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஐனா இரண்டு தரப்புச் சான்றுகளையும் தள்ளினார். தோட்டத்திலேயே ஒரு கருவி வைத்து ஓராண்டு கவனிக்க வேண்டும், அதுவரை யாரும் வீட்டைக் காலி செய்ய வேண்டாம், பொறுப்பு எங்கள் நிலையத்துக்கு என்று சொல்லி எழுந்தார். நூறாண்டு கேட்டாலும் வாய் திறக்காத மண் அது. ஓராண்டு கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதப் போகிறார்கள்.

வாசலில் பசுபதி காத்திருந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"நீ வாயத் தொறந்ததும் நல்லதாத்தான் போச்சு லா. ஒரு வருஷம் கெடச்சிருக்கு. அந்த மெஷின எங்க வெப்பீங்க?"

கோவிலுக்குப் பின்னால், பாறை வெளியே தெரியும் இடத்தில் என்றேன்.

"பக்கத்துல உருமி மேளம் அடிச்சா அதுல தெரியுமா?"

"தெரியும். ஆனா நிலநடுக்கம் மாதிரி இருக்காதுண்ணே. பாத்த ஒடனே கண்டுபிடிச்சிரலாம்."

"யாரு பாக்கறது?"

நான்தான் என்றேன்.

அவர் மெதுவாகத் தலையாட்டினார். கோவில் உருமிக் குழுவுக்கு இனி வாராவாரம் அந்தப் பாறைக்குப் பக்கத்தில்தான் ஒத்திகை என்றார். மோட்டார் சைக்கிளைக் கிளப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மெஷின் பாக்க வர்றப்பல்லாம் அக்கா வீட்லதானே தம்பி சாப்பாடு?"