மரம் சரியில்லை

தெருவில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். கையால் வில் செய்கிறவள். அந்த வேலைக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். இருந்த பொறுமையெல்லாம் கையோடு நின்றுவிட்டது, வாய் வரைக்கும் வந்து சேரவில்லை.

அன்று காலை அவள் வெடித்ததற்குக் காரணம், பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் அனுப்பிய நாலு வரிக் கடிதம். சொல்லியிருந்த ஆறில் முதல் வில் உடைந்துவிட்டதாம். மீதி ஐந்தும் வேண்டாமாம்.

“வேண்டாமாமே! நாலு மாசம் உயிரைக் கொடுத்து இழைச்சிருக்கேன். கத்திரிக்கா வாங்குற மாதிரி வேண்டாங்கிறாங்க!”

நாண் முறுக்கிக்கொண்டிருந்த கணவன் தலை நிமிரவில்லை. “எங்க உடைஞ்சுதுன்னு பாத்துட்டு வந்து கத்தேன்.”

“பாக்க என்ன இருக்கு? அம்பு வைக்காம வெறும் நாணை இழுத்து விட்டிருப்பாங்க. வேற எப்படி உடையும் என் வில்லு?”

பட்டறைச் சுவரில் உடைந்த வில் பதினொன்று ஆணிகளில் தொங்கின. உடைந்ததை எறியக் கூடாது, அதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவளே போட்ட சட்டம். ஒவ்வொன்றின் கீழும் காரணம் எழுதிய சீட்டு இருந்தது. அவள் சொல்லச் சொல்ல அவன் எழுதியது. ஒன்பதில் ‘மரம் சரியில்லை’. ஒன்றில் ‘மழை’. இன்னொன்றில் ‘வாங்கியவர் முரடர்’.

விறுவிறுவென்று பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். ‘அவளிடம் வாங்கினால் உடையும்’ என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் அப்புறம் யார் வருவார்கள்?

சாமான் அறையில் டீச்சர் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். புருவத்துக்கு மேலே பிளாஸ்திரி.

“என் வில்லு சும்மா உடையாது டீச்சர். என்ன பண்ணீங்க? உண்மையைச் சொல்லுங்க.”

டீச்சர் பம்ப்பைக் கீழே வைத்தார். “அம்பு வைக்காம ஒரு தடவை இழுத்து விட்டுட்டேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு, பழியை உங்க மேல போட்டுட்டேன். மன்னிச்சிருங்க. மீதி அஞ்சையும் கொண்டு வாங்க, வாங்கிக்கறேன்.”

பட்டாசுக்குத் தலைகால் புரியவில்லை. இந்தக் காரணத்தைக் கொட்டை எழுத்தில் எழுதி மாட்டியே தீருவது என்று, மூலையில் கிடந்த துண்டுகளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள்.

முறிந்த இடத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

முறிவு ஒரு கணுவில் தொடங்கியிருந்தது. வில்லின் வெளிமுகத்தில் கணு இருந்தால் அந்த மேட்டை அப்படியே விட்டுவிட வேண்டும். மரத்தின் நார் அதைச் சுற்றி வளைந்து போகும். அவளோ பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று அரத்தால் தேய்த்துச் சமமாக்கியிருந்தாள். நார் அன்றே அறுந்துவிட்டது. அம்பு வைத்தே இழுத்திருந்தாலும் பத்து நாள் தாங்கியிருக்காது. அப்போது டீச்சரின் புருவத்தோடு போயிருக்காது, ஒரு பிள்ளையின் கண் போயிருக்கும்.

“அஞ்சையும் தர முடியாது டீச்சர்.”

“அதான் மன்னிப்புக் கேட்டுட்டேனே! இன்னும் என்னம்மா கோபம்?” டீச்சருக்கே கோபம் வந்துவிட்டது.

“உங்க மேல இல்ல. நீங்க அப்படி இழுக்காட்டியும் இது உடைஞ்சிருக்கும். தப்பு என்னோடது.” சொல்லி முடிப்பதற்குள் காதெல்லாம் சுட்டது.

வீட்டுக்கு வந்ததும் சுவரில் இருந்தவற்றைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தாள். ‘மரம் சரியில்லை’ ஒன்பதில் ஏழு, தேய்த்த கணுவில் உடைந்தவை. பதில் பேசாத மரத்தின் மேல் இத்தனை வருஷம் பழி போட்டிருக்கிறாள்! அவள் கை அவளுக்கே பிடிக்கவில்லை.

“இது உங்களுக்குத் தெரியுமா?” என்று கணவனிடம் கேட்டாள்.

“மூணாவது உடைஞ்சப்பவே தெரியும்.”

“தெரிஞ்சுமா வாயைத் திறக்கல?”

“திறந்தேனே. கணுவைத் தேய்ச்சதுதான் காரணம்னு எழுதினேன். நீதான் சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு, மரம் சரியில்லைன்னு எழுதுங்கன்னே.”

அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதனால்தான் ஆத்திரம் இன்னும் பொத்துக்கொண்டு வந்தது. புது வில் ஐந்தையும் எடுத்து விரலால் தடவினாள். ஐந்தும் வழவழவென்று இருந்தன, கணு மேடு ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை.

ஐந்து ஆணி அடித்து ஐந்தையும் சுவரில் மாட்டினாள். பிறகு அவன் காதில் செருகியிருந்த பென்சிலை உருவி, பழைய சீட்டுகளை முன்னால் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“இப்ப நீங்க சொல்லுங்க,” என்றாள். “நான் எழுதறேன்.”