பின்னுக்கு நகர்ந்த மருந்துக்கடை

கடையின் இணையதளத்தில் திரையை மறைத்துக் குதிக்கும் மூன்றாவது பாப்-அப்பைத் தம்பிக்காரன் சேர்த்த அன்று, அக்காவின் மருந்துக்கடை, தெருவில் ஒரு வீட்டுத் தூரம் பின்னுக்கு நகர்ந்தது. பின்னாலிருந்த தையற்கடை மரியாதையாக முன்னே வந்து அதன் இடத்தில் நின்றது. அலமாரியில் ஒரு புட்டிகூட உருளவில்லை. மின்வாரியத்தார் கம்பியை நீட்டிக் கட்டினர். தபால்காரர் கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டுப் பழகிக்கொண்டார்.

முதல் பாப்-அப் கைபேசி எண் கேட்டது. இரண்டாவது செயலியை இறக்கச் சொன்னது. மூன்றாவது, பரிசுச் சக்கரம். காய்ச்சலோடு வந்தவன் முகத்தில் பலகையை அறைவதற்குப் பெயர் விளம்பரமாம்! நோயாளியின் கட்டைவிரலைச் சிறைபிடிப்பதற்குப் பெயர் வணிகமாம்! தேடுபொறி இதைப் பொறுப்பதில்லை. தேடி வந்தவன் கண்ணுக்குப் பக்கத்தின் பொருளைக் காட்டாமல் மறைக்கும் தளத்தை அது முடிவுகளில் கீழே தள்ளுகிறது. எல்லா ஊரிலும் பெயர் மட்டும் இறங்கும். இந்தத் தெருவில் கட்டடமும் சேர்ந்து இறங்கியது. அவ்வளவே வேறுபாடு.

கீழே போனதால் ஆள் குறைந்தது. ஆள் குறைந்ததால் தம்பி நான்காவதைப் போட்டான். "வர்ற நாலு பேரையாவது பிடிச்சு வைக்கணும்க்கா. இன்னும் ரெண்டு போட்டா எல்லாம் சரியாயிடும்" என்றான். அவளும் நம்பினாள். இரண்டே ஆண்டுகளில் பூட்டுக்கடையும் சலவைக்கடையும் அச்சகமும் அவளைத் தாண்டி முன்னே சென்றன. தெரு முடியுமிடத்தில் ஆழமான குட்டை. கடையின் பின்சுவர் நீரைத் தொட்டபோதும் தம்பி புதிதாக ஒன்றை வரைந்துகொண்டிருந்தான். அதை ஏற்றினால் அவள் பிழைப்பு முழுவதும் தண்ணீருக்குள்.

அன்று மாலை பேருந்து ஓட்டுநர் ஒருவர் பழைய இடத்தில் தையற்கடையைக் கண்டு திகைத்து, தெருக்கோடிவரை ஓடிவந்தார். அக்கா மருந்தை முதலில் கொடுத்தாள். வசவைப் பிறகு வாங்கிக்கொண்டாள்.

"என் பொண்ணு மூச்சு விட முடியாமத் திணறுறாம்மா! மருந்து இருக்கான்னு போன்ல பார்த்தா, சக்கரத்தைச் சுத்து, பரிசு வெல்லுன்னு ஆடுது. மூடலாம்னா அந்தப் பெருக்கல் குறி எறும்புத் தலை அளவுக்கு இருக்கு. என் விரல் என்ன ஊசியா?"

"தெரியாம விளம்பரத்தைத் தொட்டுட்டா, பக்கத்தைத் திரும்பத் திறந்தா போச்சு, சார்" என்றான் தம்பி.

"பொண்ணுகிட்ட அதுவரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கோன்னு சொல்லட்டுமா, தம்பி?"

அவர் ஓடியபின் அக்கா தம்பி பக்கம் திரும்பினாள். "வாசல்ல நீயே சுவரை எழுப்பிட்டு, ஆளு வரலன்னு என்கிட்ட அழுதிருக்க. உனக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருக்காடா? எடு, எல்லாத்தையும் எடு!"

அவன் எடுத்தான். பார்ப்பவரின் தகவலைச் சேமிக்கச் சட்டப்படி கேட்டாக வேண்டிய ஒப்புதல் மட்டும் திரையின் அடியில் மெல்லிய பட்டையாக நின்றது. அது யார் வழியையும் மறிக்கவில்லை. ஓட்டுநரின் மகள் மறுவாரம் பள்ளிக்குப் போனாள். கட்டடமோ அசையவில்லை. மிதிபட்ட வாடிக்கையாளர்களின் நம்பிக்கை ஒரு சொடுக்கில் திரும்புமா என்ன! நெடுநாள் கழித்து ஒரு காலையில் கடை அச்சகத்தின் இடத்துக்கு வந்து நின்றது.

இப்போது கடை எப்போதாவது ஒரு வீட்டுத் தூரம் முன்னேறுகிறது. அதன் முறை வரும்போது முன்வீட்டார் வாசலிலிருக்கும் சைக்கிளை ஓரமாக எடுத்து வைத்து, வழி விடுகிறார்கள்.