கூரைக்காரனின் பக்தியுள்ள நிழல்

சான் பாந்தலேயோனில் கடவுள் இல்லை என்று சொல்லிவந்த ஒரே ஆள் ஓடு வேயும் எவாரிஸ்தோ. அவனுடைய நிழல் மட்டும், சாயங்காலச் செபத்துக்குக் கோவில் மணி அடித்ததும் முழந்தாளிடும். அவன் பாட்டுக்கு நின்று சுருட்டுப் புகைப்பான். நிழல் தரையில் கைகூப்பியிருக்கும். ஊர் இதை மழை வெயிலைப் போல எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொள்ள முடியாதவர் பங்குச் சாமியார் செலெதோனியோ ஒருவர்தான். கடவுளுக்குப் பயப்படாதவனிடம் ஒழுக்கம் ஏது, அவன் சொன்ன சொல் எப்படி நிற்கும் என்று வருடக்கணக்காகப் பிரசங்கம் செய்துவந்தவர் அவர். அந்த நிழல் தன் கட்சியா எதிர்க்கட்சியா என்று அவருக்குப் பிடிபடவே இல்லை.

இதற்கிடையில் தேவாலயக் கூரை ஒழுகத் தொடங்கியது. எந்த வாக்குக் கொடுத்தாலும் கடவுளுக்குச் சித்தமானால் என்று சேர்த்துச் சொல்வது அந்த ஊர் மரியாதை. பக்தியுள்ள ஓடு வேய்பவர்கள் ஒவ்வொருவராக வந்து, தொப்பியைக் கழற்றி, கடவுளுக்குச் சித்தமானால் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிப் போனார்கள். கடவுளுக்கு நான்கு வருடமாகச் சித்தமாகவில்லை. ஜனங்கள் குடை பிடித்துப் பூசை கண்டார்கள். தீர்த்தத் தொட்டியில் தவளைகள் குடும்பம் நடத்தின. அப்போதுதான், விசுவாசிகளின் நெற்றியில் தைலம் பூசும் உறுதிபூசுதல் சடங்குக்கு மறைமாவட்ட ஆயர் வருகிறார் என்று தகவல் வந்தது. இந்தக் கோலத்தைப் பார்த்தால் கோவிலை இழுத்து மூடி, இந்த ஊர்ப் பங்கைப் பக்கத்து ஊர்ப் பங்கோடு சேர்த்துவிடுவார். செலெதோனியோ கௌரவத்தை விழுங்கிக்கொண்டு எவாரிஸ்தோவிடம் போனார்.

"திங்கக்கிழமை வர்றேன், பாத்ரே."

அந்தப் பேச்சு சாமியாருக்கு மொட்டையாகப் பட்டது. "கடவுளுக்குச் சித்தமானான்னு சேர்த்துச் சொல்லேன்ப்பா. வாயா வெந்துடும்?"

"அதைச் சொல்லிட்டா நான் வரவேண்டிய அவசியமே இல்லியே. உங்களுக்குக் கூரை வேணுமா, சித்தம் வேணுமா?"

திங்கட்கிழமை வந்தான். உடைந்த ஓடுகளை அவன் பிரித்துப் போட, சாமியார் கீழே நின்றபடி புதிதாக ஒரு வாதம் தயார் செய்தார்: இவன் நல்லவன்தான், ஆனால் அந்த நல்லதனம் எங்கிருந்து வந்தது என்று இவனுக்கே தெரியவில்லை. அண்ணாந்து பார்த்து, நல்லவனாக இருக்கவேண்டும் என்று உன் மனதில் எழுதியது யார் என்று கேட்டார்.

"எங்கம்மா. விளக்குமாத்தால எழுதினாங்க."

"அவங்க மனசுல?"

"அவங்கம்மா."

"அப்படியே மேல மேல போனா?"

"கூரைதான் இருக்கு, பாத்ரே. அந்த ஓட்டை எடுத்துக் குடுங்க."

சனிக்கிழமை அந்தியில் கடைசிப் பொத்தல் ஒன்றுதான் பாக்கி. அதன் வழியாக அவன் நிழல் சரிந்து பலிபீடத்தின் முன் விழுந்தது. மணி அடித்தது, நிழல் முழந்தாளிட்டது. எவாரிஸ்தோ ஓட்டை வைத்துப் பொத்தலை மூடினான். நிழல் உள்ளேயே தங்கிவிட்டது. ஏணியிலிருந்து நிழலில்லாமல் இறங்கியவனிடம், கதவைத் திறந்து விடட்டுமா என்று சாமியார் பதறினார். யாருடைய நம்பிக்கையிலும் தான் தலையிடுவதில்லை என்று சொல்லிவிட்டு அவன் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டான்.

மறுநாள் கொட்டிய மழையில் ஒரு சொட்டுகூட உள்ளே விழவில்லை. ஆயர் திருப்தியாக அண்ணாந்து பார்த்தார், பங்கு பிழைத்தது. பிறகு குனிந்து, எல்லாருக்கும் முன்னால் முழந்தாளிட்டிருப்பது யார் என்று கேட்டார். ஓடு வேய்ந்தவர், ஆள் வரவில்லை என்றார் செலெதோனியோ. ஆயருக்கு அது போதுமானதாக இருந்தது. வரிசையில் முதல் ஆளாக நிழலின் நெற்றியில் திருத்தைலம் பூசினார். அதே நேரம், மழை விட்டதும் விதவை ருஃபினாவின் கூரையில் ஏறியிருந்த எவாரிஸ்தோ, நெற்றியில் வழிந்த எண்ணெயை வியர்வை என்று நினைத்துத் துடைத்துக்கொண்டு அடுத்த ஓட்டை எடுத்தான்.