திரை வரும் வரைக்கும்

உமாராணி முதன்முதலாகப் பட்டனைத் தட்டியபோது, அந்தக் கம்ப்யூட்டர் எழும்பி வருவதற்குள் பிளாரன்ஸ் உள்ளே போய்க் காபி போட்டுக் கொண்டுவந்துவிட்டாள். திரேஸ்புரத்தில், தன் வீட்டு முன்னறையில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பவள் பிளாரன்ஸ். சங்கு குளிக்கப் போன கணவர் செபாஸ்டின் போன ஆடியில் கடலிலேயே போய்விட்டார். அதற்குப் பிறகு இதுதான் பிழைப்பு.

“எப்படியாவது சீக்கிரம் ஆன் ஆகணும் உமா. தட்டுன உடனே வெளிச்சம் வந்துரணும்.”

“ஆளுக காத்துக் கெடக்காகளோக்கா?”

“அதுக்கில்ல” என்றாள் பிளாரன்ஸ்.

உமாராணிக்கு இது பழகிய வேலை. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சர்வீஸ் கடை வைத்திருக்கிறாள். ஆன் ஆகும்போதே கூடவே திறந்துகொள்கிற வேண்டாத புரோகிராம்களை எல்லாம் நிறுத்தினாள். தேய்ந்துபோன ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டினாள். எல்லாம் முடித்துப் பட்டனைத் தட்டினால், விரலை எடுப்பதற்குள் திரை வந்து நின்றது.

பிளாரன்ஸ் திரையைப் பார்க்கவில்லை. தன் முதுகுப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகுதான் சிரித்தாள்.

அடுத்த வாரம் போன் வந்தது. “ஏளா உமா, கொஞ்சம் வந்துட்டுப் போறியா. மெஷின் நல்லாத்தான் இருக்கு. நீ வா.”

போனபோது நல்ல வெயில். ஆனால் முன்னறையில் மட்டும் ஒரு குளிர்ச்சி. நாற்காலிக்குப் பின்னால் சிமெண்டுத் தரை ஒரு ஆள் நிற்கிற அகலத்துக்கு நனைந்திருந்தது. உமாராணி மேலே பார்த்தாள். ஒழுக்கு எதுவும் இல்லை. குனிந்தபோது கடல்வாடை வந்தது.

“தொடச்சுத் தொடச்சுப் பாக்கேன். காய மாட்டேங்கு” என்றாள் பிளாரன்ஸ். குரல் இறங்கியிருந்தது. “முன்ன இது மெதுவா வருமுல்லா, அதுவரைக்கும் ஸ்கிரீன் கறுப்பாக் கெடக்கும். அந்தக் கறுப்புல எனக்குப் பொறத்தால அவுக நிக்கது தெரியும். வெளிச்சம் வந்ததும் இருக்க மாட்டாக. சீக்கிரம் வந்துட்டா கண்ணுல படாதுன்னு நெனச்சேன்.”

“இப்பம்?”

“இப்பம் கண்ணுல படல. ஆனா போக மாட்டேங்காக.”

உமாராணி சட்டென்று மானிட்டரை அணைத்தாள்.

கறுத்த கண்ணாடியில் இரண்டு பெண்களின் முகமும் தெரிந்தது. அவற்றுக்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு முகம். நெற்றிக்கு ஏற்றிவிட்ட நீச்சல் கண்ணாடி. தாடையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. உமாராணியால் திரும்ப முடியவில்லை. பிடரியில் ஈரக்காற்று பட்டது. பார்க்கப் பார்க்க ஒன்று மட்டும் புரிந்தது. அவர் இவர்களைப் பார்க்கவே இல்லை.

“அக்கா, அண்ணன் ஸ்கிரீனத்தான் பாக்காக” என்றாள் மெல்ல.

பிளாரன்ஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “கடலுக்குப் போறதுக்கு முன்ன தெனமும் இங்கன உக்காந்து, கடல்ல காத்து எப்படி அடிக்குன்னு காட்டுத படத்தப் பாப்பாக. கடைசியாப் போன அன்னைக்கு இது எழும்பவே இல்ல. ‘இது எப்பம் வர, நான் எப்பம் போக’ன்னு எந்திச்சுப் போயிட்டாக. அன்னைக்குத்தான் அந்தக் கச்சான் காத்து அடிச்சுது.”

“அதுக்குப் பொறவு நீங்க அந்தப் படத்தத் தொறந்தீயளா?”

“எனக்கு மனசு வரல.”

உமாராணி மானிட்டரைப் போட்டாள். காற்று காட்டும் பக்கத்தைத் தேடித் திறந்து, மவுஸைப் பிளாரன்ஸ் பக்கம் தள்ளினாள். மன்னார் வளைகுடா முழுக்கச் சிவப்பாக இருந்தது. பிளாரன்ஸ் அதைப் பெரிதாக்கினாள். திரும்பாமலே, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

“பாத்துக்கிடுங்க. கச்சான் கடுமையா இருக்கு. இன்னைக்குப் போக வேண்டாம்.”

மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஈரக்கால் தரையை விட்டு எழும்புகிற சத்தம்.

வாசல் திறந்து கிடந்தது. தெருவுக்கு அப்பால் கடல். சத்தம் அந்தப் பக்கம் போகும் என்றுதான் இருவரும் காத்திருந்தார்கள். அது நாற்காலியை உரசினாற்போல் கடந்து, வீட்டுக்குள் போனது. உள்ளறைக் கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டு அடங்கியது.

பிளாரன்ஸ் எழுந்து போனாள். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. உள்ளறைத் திரைச்சீலையை மட்டும் இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். உமாராணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அந்த நேரம், ஆதாரில் முகவரி மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள்.

“உள்ள வாங்க” என்றாள் பிளாரன்ஸ். “கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. எங்க வீட்டுல தூங்குதாக.”