பழுதுக்கான காரணம்

"விளையாட்டு விமானம் விழுந்தா யாருக்குப்பா அடிபடும்?"

மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. அவர் சாப்பாட்டுத் தட்டின் முன் இருந்தார். "யாருக்கும் படாது. நீ சாப்பிடு" என்றார். அவள் விடவில்லை. "அப்புறம் ஏன் ஞாயித்துக்கிழமைகூட ஓடி ஓடிப் போய் சரி பண்றீங்க?" அடுப்பருகே நின்ற மனைவி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "நல்லாக் கேளு. நானும் பத்து வருஷமா கேட்டுட்டுதான் இருக்கேன்."

கேலிக்குரிய தொழில்தான். வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி, மூன்று திரைகளை வளைத்து வைத்து, யோக் என்று சொல்லப்படும் விமான ஸ்டியரிங்கையும் கால்மிதிகளையும் கணினியோடு இணைத்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே பறக்கிற மனிதர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்த அமைப்பு முரண்டு பிடிக்கும்போது அவர்கள் கடைக்குப் போன் செய்வார்கள். கடை இவரை அனுப்பும். சொந்தக்காரர்களும் வாடிக்கையாளர்களும் வைத்த பெயர் மெக்கானிக். தரையை விட்டு ஓர் அங்குலம்கூட எழும்பாத விமானங்களின் மெக்கானிக்.

பழுதுகளில் பாதி பழுதே இல்லை. ஒரு பல் மருத்துவரின் விமானம் இரண்டு மாதமாக இடப்பக்கமே இழுத்துக்கொண்டிருந்தது. இவர் போய் மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினார், யோக்கை மாற்றினார், காற்றின் வேகத்தைக்கூடச் சந்தேகப்பட்டார். கடைசியில் பார்த்தால், மேசை இழுப்பறைக்குள் ஒரு பழைய ஜாய்ஸ்டிக் இன்னும் இணைப்பில் இருந்தது. அதன் மேல் ஒரு தடித்த அகராதி சாய்ந்து அதை இடப்பக்கம் அழுத்திக்கொண்டிருந்தது. இன்னொரு வீட்டில் மனைவியின் புகார் வேறு மாதிரி: "சாப்பிட வாங்கன்னா, இன்னும் தரை இறங்கலைங்கிறார். இறங்கிட்டாரான்னு கேட்டா, இப்பதான் பார்க்கிங் போறேங்கிறார். குழம்பு ஆறிப் பச்சைத் தண்ணி ஆயிடுச்சு. அதுக்கும் சேர்த்து ஏதாவது பட்டன் வைங்க."

ஒரு திங்கட்கிழமை காலை அவர் போன வீடு புதியதல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவரே அமைத்துக் கொடுத்தது. வீட்டின் பெரியவர் முப்பத்தாறு ஆண்டுகள் நகரப் பேருந்து ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடக்கை விழுந்துவிட்டது. கைக்குப் பயிற்சி வேண்டும் என்று டாக்டர் ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்தார். பெரியவர் அதை ஜன்னல் வழியே எறிந்துவிட்டார். வலக்கையால்தான். ஸ்டியரிங் கொடுத்தால் பிடிப்பார் என்று மகனுக்குத் தோன்றியது, இதை வாங்கினான். அன்றிலிருந்து அவர் கேப்டன்.

"வாப்பா மெக்கானிக்" என்றார் கேப்டன், சற்றுக் குழறும் குரலில். "வெள்ளிக்கிழமையிலிருந்து பயணிங்க எல்லாம் உள்ளேயே உக்காந்திருக்காங்க. கதவைத் திறன்னு கத்துறாங்க."

"இன்னைக்கே கிளப்பிடலாம் கேப்டன்."

"இந்த வண்டியில ஒரே குறைதான். வழியில யாராவது கை காட்டினா நிறுத்த முடியலை."

அவருக்குப் பின்னால் சக்கர நாற்காலியின் பிடியில் கைவைத்தபடி ஒரு பெண்மணி நின்றிருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. எட்டு மாதமாகக் கேப்டனைப் பார்த்துக்கொள்கிறவர். தான் நர்ஸ் படிப்பு படிக்கவில்லை என்று அவரே பலமுறை சொல்லியும், கேப்டன் கொடுத்த நர்சம்மா என்ற பதவி திரும்பப் பெறப்படவில்லை. இதற்கு முன் மெக்கானிக் வந்தபோதெல்லாம் கேப்டனின் நகைச்சுவைக்கு முதலில் சிரித்தவர், இன்று சிரிக்கவில்லை.

கேப்டனின் மகன் அலுவலகத்துக்குக் கிளம்பும் சட்டையில் நடைவழிக்கு வந்து மெக்கானிக்கைத் தனியே அழைத்தான்.

"மூணு திரையும் எரியுது. ஆனா யோக், கால்மிதி எதுவும் கனெக்ட் ஆகலைன்னு வருது. கடையில கேட்டேன், தானா இப்படி ஆகாது, யாராவது கையை வெச்சிருப்பாங்கன்னாங்க. என்ன காரணம்னு சரியா எழுதிக் குடுங்க."

"பார்த்துட்டுச் சொல்றேன் சார்."

"அந்தம்மா செஞ்சிருந்தா இன்னைக்கே ஏஜென்சிக்குப் போன் பண்ணிடுவேன். கோபத்துல சொல்லலை. இவங்களுக்கு முன்னாடி இருந்தவர் மாத்திரையை மாத்திக் குடுத்துட்டு மறைச்சுட்டார். நாலு நாள் அப்பா ஆஸ்பத்திரியில இருந்தார். எனக்கு இனிமே யாரையும் நம்பிப் பழக நேரமில்லை."

அவன் கெட்டவன் அல்ல. அப்பாவின் மருந்துப் பட்டியலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவன். பயம் ஒரு மனிதனை எவ்வளவு நியாயமாகப் பேசவைக்கிறது என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார்.

அறையில் கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன் வழக்கம்போல ஒரு கணம் கண்ணை மூடினார். அவர் பெரிதாக எதையும் வேண்டுவதில்லை. கை நடுங்காமல் இருந்தால் போதும். பிறகு கணினியை அணைத்துப் போட்டுப் பார்த்தார். சாதனங்களின் பட்டியலில் விசைப்பலகையும் மவுஸும் மட்டுமே இருந்தன. யோக்கை நேராகக் கணினியில் சொருகியதும் அது உயிர் பெற்றது. ஆக யோக் நலம். கால்மிதியும் அப்படியே. எல்லாக் கம்பிகளும் வந்து சேரும் ஹப் மட்டும் செத்திருந்தது. மேசைக்கு அடியில் தலையை நுழைத்ததுமே வாசனை சொல்லிவிட்டது. தீய்ந்த பிளாஸ்டிக்கின் இனிப்பான, தொண்டையைப் பிடிக்கும் வாசனை.

நர்சம்மா தண்ணீர் டம்ளரோடு வந்து, கதவைப் பாதி சாத்திவிட்டு நின்றார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். வெள்ளிக்கிழமை பின்னாடி ஒரே தூசி, ஐயாவுக்கு இருமல். வயரையெல்லாம் கழட்டித் துடைச்சு, மறுபடி சொருகினேன். எது எதுல இருந்துச்சோ அதுலயே சொருகினதாதான் ஞாபகம். அதனால இருக்குமோ?"

"சார்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்லலாம்னு மூணு நாளா வாய் வரைக்கும் வருது. சொன்னா வேலை போயிடும். சொல்லாம இருந்தா ராத்திரி கண்ணை மூடும்போது மேல இருக்கிறவன் கேக்குறான். நீங்க பார்த்துட்டு என்னாலதான்னா சொல்லிடுங்க. நானே போய்ச் சொல்லிடறேன்."

டம்ளரை மேசை விளிம்பில், கம்பிகளுக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மெக்கானிக் டார்ச்சைப் பிடித்தார். சுவர் ஓரத்தில் இரண்டு கறுப்பு அடாப்டர்கள். கால்மிதியின் மோட்டாருக்குப் பன்னிரண்டு வோல்ட், ஹப்புக்கு ஐந்து. ஒரே நிறம், ஒரே அளவு, முனையின் துளைகூட ஒன்று. வோல்ட் எவ்வளவு என்பது அடியில் எறும்பு வரிசை போல அச்சிடப்பட்டிருக்கும். இரண்டும் இடம் மாறியிருந்தன. ஐந்தைத் தாங்கும் ஹப் பன்னிரண்டை வாங்கிக் கருகியிருந்தது.

இந்தப் பழுதை அவர் இதற்கு முன் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறார். அது அவர் கையாலேயே நடந்தது. வேலையில் சேர்ந்த இரண்டாவது மாதம். ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியை ஒருவர் வீடு. கரும்பலகையில் வருடா வருடம் வரைந்த நதிகளின் மேல் ஒரு தடவையாவது பறந்து பார்க்கவேண்டும் என்பதற்காக அந்த அமைப்பை வாங்கியிருந்தார். இவர் அவசரத்தில் அடாப்டர்களை மாற்றிச் சொருகினார். ஒரு சின்னச் சத்தம், பிறகு இதே வாசனை. கடை முதலாளி கறாரானவர்; வேலைச் சீட்டில் 'பழுதுக்கான காரணம்' என்ற கட்டத்தில் நம் ஆள் என்று வந்தால் மறுநாள் வேலை இல்லை. இவர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஆசிரியை அடாப்டர்களைப் பார்த்தார், இவர் முகத்தைப் பார்த்தார், சீட்டை வாங்கி எழுதினார்: 'நான்தான் மாற்றிச் சொருகினேன். என் தவறு.' இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "முதல்ல உக்காரு. சாப்பிட்டியா நீ?" என்றார் அவர். அவ்வளவுதான். பிறகு துணிவு வந்து நன்றி சொல்லப் போனபோது அந்த வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. அவர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். எந்த வீட்டுக்குப் போனாலும் ஒவ்வோர் அடாப்டரிலும் வெள்ளைத் தாள் டேப் ஒட்டி, எதற்கு உரியது, எத்தனை வோல்ட் என்று எழுதிவிடுவார். பதினோரு ஆண்டுகள். அந்தக் கட்டத்தில் அவர் பெயர் ஒரு முறையும் வந்ததில்லை. கடையில் புதிதாகச் சேருகிறவர்களிடம் முதலாளி அதைச் சொல்லிக் காட்டுவார். அதைக் கேட்க அவருக்குப் பிடிக்கும். பிடிக்கிறதே என்று கொஞ்சம் வெட்கமும் உண்டு.

இந்த வீட்டிலும் ஒட்டியிருந்தார். ஓர் அடாப்டரில் டேப்பே இல்லை. ஈரத் துணியில் தூசியோடு போயிருக்கவேண்டும். மற்றதில் பாதி கிழிந்து தொங்கியது. 'ஹப், 5 வோ' வரை அவர் கையெழுத்து தெளிவாக இருந்தது. அதைப் படிக்காமல் சொருகியிருக்கிறார்கள். எழுத வேண்டியது எல்லாம் கண்முன் இருந்தது. ஒரு வரி.

முதலில் வேலையை முடிப்போம் என்று புது ஹப்பைப் பொருத்தினார். ஹப் மாறியதும் மென்பொருள் எல்லாவற்றையும் மறந்துவிட்டது. பிரேக்கை அழுத்தினால் விளக்கு எரிந்தது. யோக்கை இழுத்தால் கதவு திறந்தது. ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் உட்காரவைத்து, கடைசியாக யோக்குக்கு அளவெடுக்கக் கேப்டனை அழைத்தார்.

"இடக்கையால மட்டும், கேப்டன். இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம், முடிஞ்ச வரைக்கும்."

நர்சம்மா குனிந்து, கேப்டனின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, யோக்கின் மேல் வைத்து, தன் உள்ளங்கையால் மூடினார். பிறகு மெல்ல எடுத்துக்கொண்டார். அது தினமும் செய்கிற ஒன்று என்பது பார்த்தாலே தெரிந்தது. கை நகர்ந்தது. திரையில் ஒரு பச்சைக் கோடு அதோடு நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்தது.

மெக்கானிக் தான் சேமித்து வைத்திருந்த பழைய பதிவைத் திறந்து பக்கத்தில் வைத்தார். ஒன்பது மாதத்துக்கு முன் அவர் வந்து எடுத்த அளவு: நூற்றுக்கு முப்பத்தொன்று. இன்று ஐம்பத்தெட்டு. விழுந்த கை பாதி வானத்தைத் தாண்டியிருந்தது. சின்ன அசைவுக்கும் விமானம் திரும்பும்படி அன்று கூட்டிவைத்திருந்த உணர்திறனை இப்போது குறைக்கவேண்டியிருந்தது. இல்லாவிட்டால் கேப்டன் வளைவுகளில் பயணிகளைக் கொட்டிவிடுவார்.

"என்னப்பா பார்க்குற? லைசென்ஸ் குடுப்பியா மாட்டியா?"

"குடுத்தாச்சு கேப்டன்."

யாருக்கும் படாது என்று மகளிடம் சொன்னது அவருக்கு நினைவுக்கு வந்தது.

"கை கழுவிட்டு வந்து ஓட்டலாம் ஐயா" என்று நர்சம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார். அறையில் யாரும் இல்லை. மெக்கானிக் மறுபடி மேசைக்கு அடியில் நுழைந்தார். பாதி தொங்கிய டேப்பை நகத்தால் நெருடினார். நன்றாக ஒட்டும் வகை; அவரே தேடி வாங்கியது. ஓரம் எழும்பி, மெல்ல முழுதும் வந்தது. பசையின் சுவட்டைக் கட்டைவிரலால் தேய்த்து எடுத்தார். பிறகு புது டேப்பை வெட்டி, இரண்டு அடாப்டரிலும், சொருகும் இடங்களிலும் பெரிய எழுத்தில் எழுதி, சுற்றிலும் ஒட்டினார். தரையில் உட்கார்ந்தபடியே சீட்டை எடுத்தார். பேனா கொஞ்ச நேரம் கட்டத்தின் மேல் நின்றது. பொய் எழுதுவதற்கு மன்னிப்பு கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு எழுதினார்: 'அமைத்தபோது அடாப்டர்களில் அடையாளம் ஒட்டாமல் விட்டேன். யார் கழற்றினாலும் மாறும். என் தவறு.'

கேப்டனின் மகன் இரண்டு முறை படித்தான்.

"பதினோரு வருஷ அனுபவம்னு சொல்லித்தான் உங்களை அனுப்பினாங்க."

"தப்புதான் சார்."

"இது பெரிய விஷயமா? ஒரு துண்டு டேப். இதைக் கடைக்கும் சொல்லணுமில்ல?"

"சீட்டோட ஒரு காப்பி அங்க போகும் சார்."

அவன் தோள்கள் ஏனோ தளர்ந்தன. சந்தேகப்பட வேண்டியதில்லை என்பது அவனுக்கும் ஓய்வாகத்தான் இருந்தது போல. நர்சம்மாவை அம்மா என்று கூப்பிட்டு, சாயங்கால மாத்திரையை மட்டும் நினைவூட்டிவிட்டுப் போனான்.

வாசலில் நர்சம்மா பின்னாலேயே வந்தார்.

"அப்ப என்னால இல்லையா தம்பி?"

"இல்லைக்கா. என் வேலையில விட்ட குறை."

அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். முகம் தெளிந்ததும் குரலில் உரிமை வந்துவிட்டது. "என்ன தம்பி நீங்க. மூணு நாள் சோறு இறங்கலை எனக்கு. ஒரு டேப்பு ஒட்டியிருக்கக் கூடாதா?"

"இனிமே ஒட்டிடறேன்க்கா."

"ஒட்டுங்க. எல்லாரும் என்னை மாதிரி பொறுத்துக்கிட்டு இருக்கமாட்டாங்க."

உள்ளிருந்து எஞ்சின் சத்தம் எழுந்தது. "நர்சம்மா, ஏறியாச்சா? கிளம்பப்போறேன்" என்று கேப்டன் கூப்பிட்டார். நர்சம்மா உள்ளே ஓடினார்.

பேருந்தில் ஜன்னல் ஓர இடம் கிடைத்தது. அப்போதுதான் மெக்கானிக் கவனித்தார், கிழித்த டேப் கட்டைவிரலிலேயே இருந்தது. உதறினார், ஆள்காட்டி விரலுக்குப் போனது. அங்கிருந்து நடுவிரலுக்கு. மடியில் இருந்த கருவிப் பெட்டியைத் திறந்தார். மூடியின் உட்புறம், திருகுகள் வைக்கும் பைக்குள், மடித்து மடித்து மஞ்சளாகிப்போன ஒரு சீட்டு இருந்தது. கார்பன் காப்பி. வட்ட வட்டமான, கரும்பலகைக்குப் பழகிய எழுத்து. நீலம் வெளுத்து 'என் தவறு' என்பது மட்டும் இன்னும் படிக்க முடிந்தது. அதைத் தொடையில் விரித்து, அந்த வரிக்குக் கீழே டேப்பை ஒட்டி, விரலால் நீவினார். ஓர் ஓரம் எழும்பிக்கொண்டே இருந்தது. பேருந்து பாலத்தில் ஏறி இடப்பக்கம் சாய்ந்து திரும்பியது. டிரைவரின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கின் மேல் ஒன்றை ஒன்று தாண்டிப் போவதைப் பார்த்தபடி, அவர் அந்த ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.