கேபிள் இல்லாமல் மூடிய பள்ளம்

1

இந்தக் கதை எனக்குச் சாலையோரத்தில் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகளுக்குப் பின்னால் எதற்கோ பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பழுப்பு நிறத்தில் ஒரு பழைய சாக்கடைக் குழாய் உடைந்து வெளியே வந்தது. அதற்குள் சுண்டுவிரல் தடிமனில் கறுப்பு ஒயர் ஒன்று. சாக்கடைக் குழாய்க்குள் ஒயருக்கு என்ன வேலை என்று தோண்டியவர் என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியாததால்தான் எழுத உட்கார்ந்தேன். ஆகவே கீழே வருகிறவர்கள் எல்லாரும் நானே பெற்ற பிள்ளைகள். சொன்ன பேச்சைக் கேட்பார்கள் என்று நினைத்தேன்.

2

முதல் வரி: ‘1969, மாசி மாதம். இரண்டு மூங்கில்கள் வானத்தைப் பார்த்து ஏங்கி நின்றன.’

மூங்கில் ஏங்காது. அடித்துவிட்டேன்.

அடுத்த வரி: ‘தந்தி குமாஸ்தா சக்கரபாணி தனிமையில் வாடிக்…’

இதுவும் பொய். ஜங்ஷன் ஸ்டேஷனில் எட்டு மணி நேரம் தந்தி தட்டிவிட்டு வந்து, வீட்டில் தானே செய்த வானொலிப் பெட்டியில் மறுபடி தட்டுகிற மனுஷனுக்கு வாட நேரம் ஏது? அரசாங்கத்தில் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, ஊர் ஊராக இருக்கும் தன்னைப் போன்ற பித்தர்களோடு ஆகாயம் வழியே தந்தியின் கட்-கடா மொழியில் பேசுகிறவர் அவர். சந்தோஷமான ஆள். சந்தோஷமான ஆளை வைத்துக் கதை எழுதுவது கஷ்டம் என்று தெரிந்தேதான் இறங்குகிறேன்.

அவருடைய சிக்கல் இதுதான். வீட்டுப் பக்கம் பட்டறை மோட்டார்களின் கரகரப்பு காதை அடைத்தது. அதனால் வண்டிப் பாதைக்கு அந்தப் பக்கம் பாவாடை என்பவரின் காலி மனையில் மூங்கில் நட்டு ஏரியல் கட்டினார். அங்கிருந்து வீட்டுக்குப் பாதைக்கு மேலாகக் கேபிளை இழுத்தார். அறுவடைக் காலம். வைக்கோல் ஏற்றிய வண்டி ஒன்று கேபிளையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனது. கட்டினார். அடுத்த வாரம் பாவாடையின் வண்டியே அள்ளியது.

“மூங்கிலு இருந்துட்டுப் போவட்டும் சார். ஒயரு என் வண்டிக்கு மேல வரக்கூடாது. பூமிக்குள்ள கொண்டுபோங்க, இல்ல புடுங்கிடுங்க” என்று சொல்லிவிட்டார் பாவாடை.

வண்டி அள்ளிய அந்த இரண்டு நாளுமே ஞாயிற்றுக்கிழமை.

3

ஞாயிறு ஏன் முக்கியம் என்றால், பழமலை. சக்கரபாணியோடு தந்தி பழகியவன், ஒரே அறையில் தங்கியவன். இப்போது போபாலில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பிரிந்து ஒன்பது வருஷம். அவனும் லைசென்ஸ் வாங்கிவிட்டான். கடிதம் போட்டிருந்தான்: ‘மூன்று ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கூப்பிடுவேன். நீ வராவிட்டால் வானொலி செட்டைக் கேட்டவனுக்குக் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்ப்பேன்.’ பழமலை சொன்னால் செய்கிறவன்.

இரண்டு ஞாயிறு வைக்கோலோடு போய்விட்டது.

(ஒரு தந்தி கொடுத்தால் தீர்ந்ததே என்பீர்கள். நானும் சொல்லிப் பார்த்தேன். ஆகாயத்தில் சந்திக்கலாம் என்று சவால் விட்ட சிநேகிதனுக்கு, கேபிள் மாட்டு வண்டியில் மாட்டிக்கொண்டது என்று தந்தி கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. நான் என்ன செய்ய?)

4

இங்கே பாஞ்சாலை வருகிறாள். குழாய்ப் பட்டறையில் வேலை. ஈரம் பட்டால் கேபிள் கெட்டுவிடும் என்று சக்கரபாணி சொன்னதும், “எங்ககிட்ட கோணிப்போன பைப்பு நெறைய கெடக்குது சார். மேஸ்திரிகிட்ட சொல்லிட்டு எடுத்தாரேன். ஒங்க ஒயரு நூறு வருசம் கெடக்கும்” என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம், கூட வேலை செய்யும் கொளஞ்சியோடு வந்தாள். நாற்பதடி நீளத்துக்குப் பாதையை வெட்டினார்கள். குழாயை ஒன்றன் வாயில் ஒன்றாகச் செருகி, இடுக்கில் சணல் திணித்து, சிமெண்டு பூசினார்கள். ரசமட்டம் வைத்து, வீட்டுப் பக்கம் மேடும் மனைப் பக்கம் பள்ளமுமாக வாட்டம் பார்த்தாள் பாஞ்சாலை. “இன்னும் ஒரு விரக்கடை எறங்கணும்” என்று கொளஞ்சியைத் திரும்பத் திரும்பத் தோண்ட வைத்தாள். அழகான வேலை. சக்கரபாணி கரையில் நடந்தபடி “பார்த்து, பார்த்து” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மண் தள்ளினார்கள். கடைசி மண்ணை அவரே காலால் மிதித்து அமுக்கினார்.

அவர் மனைவி அமிர்தம் டீயோடு வந்தாள்.

(அமிர்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ‘எப்பப் பாரு இந்தப் பொட்டிதானா என்று சலித்துக்கொண்டாள்’ என்றுதான் முதலில் எழுதினேன். எழுதியபோதே பேனா கூசியது. மனைவி என்றால் சலித்துக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சோம்பேறி சொன்னான்? அவள் தையல் மிஷின் வைத்திருக்கிறாள். கண் கூர்மை. அதை வைத்துக்கொள்வோம்.)

பாதையைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

“தோள்ல மாட்டியிருக்குறது என்னாங்க?”

சக்கரபாணி தோளைத் தொட்டுப் பார்த்தார். சுருட்டிய கேபிள், மத்தியானம் மாட்டியபடியே, அப்படியே இருந்தது.

பிறகு பாஞ்சாலை அந்தப் புது மண்ணிலேயே உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். “ஏழு வருசமா பைப்புல கெடக்குறேன் சார். பைப்புன்னா தண்ணி போவும். ஒயரு போவும்னு இந்தக் கைக்குத் தெரியலயே.”

சக்கரபாணிக்கு அழுகைதான் வந்திருக்க வேண்டும். அப்படித்தான் திட்டம் போட்டிருந்தேன். அவரும் சிரித்துத் தொலைத்தார்.

5

மறுபடி தோண்டினால் இணைப்பெல்லாம் விட்டுப்போகும்; சிமெண்டு இறுக ராத்திரி முழுக்க விட வேண்டியதாயிற்று. ஞாயிறு காலை ஆறு மணி. இன்னும் இரண்டு மணி நேரம்.

ஓணான் வாலில் நூலைக் கட்டிக் குழாய்க்குள் விடலாம் என்று நான் ஒரு பத்தி எழுதினேன். நல்ல பத்தி. பாஞ்சாலை ஒப்பவில்லை. “ஓணான் பாதி வழியில படுத்துக்கிச்சுன்னா யாரு போயி எழுப்புறது?” என்றாள். பத்தி போயிற்று.

“தண்ணி போற பைப்புதான போட்டுருக்குறோம். தண்ணியவே கேப்போம்” என்றாள்.

இருமல் மருந்து பாட்டிலின் கார்க்கில் அமிர்தத்தின் நூல்கண்டைக் கட்டி, வீட்டுப் பக்க வாயில் மிதக்கவிட்டார்கள். கொளஞ்சி குடம் குடமாக ஊற்றினான். நூல் ஓடியது, ஓடியது, நின்றது. எங்கோ ஓர் இணைப்பில் பிதுங்கிய சிமெண்டில் கார்க் சிக்கிக்கொண்டது. மணி ஏழு. பதமாக வெளியே இழுத்து, அமிர்தம் கத்தரியால் கார்க்கைப் பாதியாக நறுக்கினாள். இந்தத் தடவை நாலு குடத்தை ஒரே மூச்சில் கவிழ்த்தார்கள்.

அந்தப் பக்கம் பாவாடை குந்தியிருந்தார். எப்போது வந்தார் என்று எனக்கே தெரியாது, நான் கூப்பிடவில்லை. குழாய் வாயில் கையை ஏந்திக்கொண்டிருந்தார்.

“வந்துடுச்சு” என்றார். “சார், என் கைக்கு வந்துடுச்சு.”

நூலின் வாலில் சணல், சணலின் வாலில் கொடிக்கயிறு, கயிற்றின் வாலில், மெழுகுவர்த்தி உருக்கி வாயடைத்த கேபிள். பாவாடை இழுத்தார், ஊரே இழுக்கிற தேரைத் தனியாக இழுப்பவர் மாதிரி. ஏழு ஐம்பதுக்குச் சக்கரபாணி மூங்கிலடியில் கடைசி ஈயப் பற்றை வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

6

மணி எட்டு. அறையில் ஐந்து பேர். ஹெட்போன் ஒன்றுதான், சக்கரபாணி காதில். மற்ற நாலு பேருக்கும் கேட்பதற்கு ஒன்றுமில்லை. அவர் முகத்தையும் கையிலிருந்த பென்சிலையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் தட்டினார், நிறுத்தினார். மறுபடி தட்டினார்.

முடிவு அ: பதில் இல்லை. (எழுதினேன். கொளஞ்சி சுமந்த குடங்களை நினைத்துக் கிழித்துவிட்டேன்.)

முடிவு ஆ: பதில் வருகிறது, ஆனால் பழமலை இல்லை, வேறு யாரோ… (கெட்டிக்காரத்தனம். கிழித்தேன்.)

எட்டு மணி பன்னிரண்டு நிமிஷத்துக்குப் பென்சில் அசைந்தது. காகிதத்தில் ஓர் எழுத்து. இன்னோர் எழுத்து. பிறகு பென்சில் ஓட ஆரம்பித்தது. எழுதிக்கொண்டே அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இடது கையால் கண்ணைத் துடைத்தார்.

“இன்னா சொல்றாரு சார்?” என்றாள் பாஞ்சாலை.

ஒன்பது வருஷம் கழித்துப் பழமலை சொன்ன முதல் வார்த்தையை ஆறு விதமாக எழுதிப் பார்த்தேன். ஆறும் என் குரலாகவே இருந்தன, அவனுடையதாக இல்லை. உங்களுக்கும் ஒரு பழமலை இருப்பான், வருஷக்கணக்காகப் பேசாதவன். அவன் பேச்சு உங்களுக்குத்தான் தெரியும். இடம் விட்டிருக்கிறேன். பாஞ்சாலை காத்திருக்கிறாள், சீக்கிரம் எழுதுங்கள்.

“……………………………………”