அணைத்துவைத்த பத்து நிமிடம்

அந்த வாரம் முழுக்க ஈவாஞ்சலின் செய்தித்தாளைப் பிரிக்கவில்லை. தூத்துக்குடியின் குட்டிச் செயற்கைக்கோள் இரண்டு உயிரைக் காப்பாற்றிவிட்டது என்று எல்லாவற்றிலும் போட்டிருந்தார்கள். மீன்பிடி வள்ளத்தில் போனவர்கள் மூன்று பேர்.

நாசரேத்துக்காரி அவள். பதினாறு வருடம் கல்லூரியில் மின்னணுவியல் கற்பித்தவள், குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளம் வரப்போகிறது என்றதும் வேலையை விட்டாள். நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, தூத்துக்குடியை ஒட்டிய புதுக்கோட்டையில் ரோட்டோரத்து மாடி ஒன்றில் எட்டுக் கிலோ எடையுள்ள செயற்கைக்கோள் ஒன்றைச் செய்து முடித்தாள். அதற்குச் சிப்பி என்று பெயர். செல்போன் எட்டாத கடலில் ஆபத்து என்றால், வள்ளத்திலிருக்கும் மஞ்சள் பெட்டியின் பொத்தானை அழுத்தினால் போதும், பெட்டி விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். மேலே போகும் சிப்பி அந்தச் செய்தியை வாங்கி, மாடியிலிருக்கும் ஆன்டெனாவுக்கு அனுப்பிவிடும். முப்பத்தொன்பது வள்ளங்களில் அந்தப் பெட்டி இருந்தது.

ஜனவரியில் வேறொரு ஏவுதளத்திலிருந்து சிப்பி விண்ணுக்குப் போனது. போன மறுநாளே குறை தெரிந்துவிட்டது. சூரியத் தகடு நாலில் ஒன்று விரியவில்லை. பேட்டரி இறங்கிக்கொண்டே வந்தது. சிப்பி ஒரு நாளில் ஆறு தடவை இந்தக் கடலுக்கு மேலே வரும். ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம். ஆறிலும் செய்தி வாங்கும் ரிசீவரை ஓட்டினால் இரண்டே மாதத்தில் அது செத்துப்போகும். தினமும் இரண்டு தடவை அணைத்துவைக்கலாம் என்று முடிவெடுத்தவள் ஈவாஞ்சலின்தான். எந்த இரண்டு என்று காலையில் காற்று நிலவரம் பார்த்து அவளே குறிப்பாள்.

ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், பத்தே முக்கால் மணிச் சுற்றை அணைத்தாள். காலையில் கடல் எண்ணெய் ஊற்றினாற்போலக் கிடந்தது. பத்து மணிக்கு மேல் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று சொல்லாமல் கொள்ளாமல் எழும்பி, கடலடிப் பாறைத்திட்டான முத்துப்பாருக்கு அப்பால் மிக்கேல் பர்னாந்தின் வள்ளத்தைக் கவிழ்த்தது. மிக்கேல் பொத்தானை அழுத்தினார். சிப்பி செவிடாகக் கடந்து போயிற்று. அடுத்த சுற்று பன்னிரண்டே கால் மணிக்கு. அப்போதுதான் மாடியில் மணி அடித்தது. மீட்புப் படகு போய்ச் சேரப் பகல் ஒன்றரை மணி ஆகிவிட்டது. இரண்டு பேர் கவிழ்ந்த வள்ளத்தைப் பற்றிக்கொண்டு கிடந்தார்கள். மிக்கேல் பிடி நழுவிப் போய் அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது.

"யாருக்கும் தெரியாதுக்கா," என்றான் ரேடியோ வேலை பார்க்கும் சிவப்பிரகாஷ். "அணைச்சு வைக்கலன்னா சிப்பி மார்ச்சுலயே செத்திருக்கும். அந்த ரெண்டு பேரும் இருந்திருக்க மாட்டாங்க. கணக்கு அப்படித்தான இருக்கு?"

அவன் சொன்னது சரிதான். சரியென்று தெரிந்தும் அன்று காலையில் குறித்த தாளை அவள் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள்.

எட்டாம் நாள் அவள் மீனவர்கள் வாழும் தெரேஸ்புரத்துக்குப் போனாள். மிக்கேலின் மனைவி ஜெர்லின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். துக்கத்துக்கு வந்த பெண்கள் எழுந்து இடம் விட்டார்கள். பேப்பரில் படம் வந்தவள் அல்லவா.

ஈவாஞ்சலின் எதையும் மறைக்காமல் சொன்னாள். தகடு, பேட்டரி, அன்று காலையில் தான் குறித்த நேரம், எல்லாவற்றையும். 

"தப்பிச்சு வந்த எங்க அண்ணன் சொன்னான்," என்றாள் ஜெர்லின். "இவரு சொல்லிக்கிட்டே இருந்தாராம். 'பொத்தான அமுக்கியாச்சுல, இந்தா வந்துருவாங்க, பிடிய விட்ராதிய'ன்னு. கடைசி வரைக்கும் அதத்தான் சொன்னாராம்."

பிறகு தரையைப் பார்த்தபடியே ஜெர்லின் கேட்டாள்.

"இன்னும் எத்தன வள்ளத்துல அந்தப் பெட்டி கெடக்கு?"

"முப்பத்தெட்டும்மா."

"நீங்க அணைச்சு வைக்கது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

ஜெர்லின் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தாள். "எங்கிட்ட வந்து சொன்னா ஒங்க மனசு ஆறும். அவ்வளவுதான். அங்கன போயி அவங்ககிட்ட சொல்லுங்க மேடம். தெரிஞ்சிருந்தா இவரு காத்தப் பாத்து முன்னாலேயே திரும்பியிருப்பாரு. பெட்டி இருக்குன்னு நம்பித்தான் அம்புட்டுத் தூரம் போனாரு."

அது ஈவாஞ்சலினுக்கு அதுவரை தோன்றவே இல்லை. பேட்டரியைப் பற்றி எத்தனையோ நாள் யோசித்தவள், பெட்டியை நம்பி ஒரு மனிதன் எவ்வளவு தூரம் போவான் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

மறுநாள் முதல் அவள் கரையில் நின்றாள். வள்ளம் வள்ளமாகப் போய்ச் சொல்ல நாலு நாள் ஆனது. வள்ளத்துச் சொந்தக்காரரான சம்மாட்டி ஒருவர் பெட்டியைக் கழற்றி அவள் காலடியில் போட்டார். ஒருவர் மண்ணள்ளித் தூற்றினார். பதினோரு பெட்டிகள் திரும்பி வந்தன. மற்றவர்கள், தினமும் செவிட்டு நேரத்தைச் சொல்லிவிடச் சொன்னார்கள். விடியுமுன்பே கரைக்குப் போய், அன்றைய இரண்டு நேரங்களையும் மீன் ஏலக் கொட்டகைப் பலகையில் அவளே எழுதிவைத்தாள்.

பேப்பர்காரர்கள் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை வேறு கேள்விகளோடு. அடுத்த செயற்கைக்கோளுக்குப் பணம் போட வருவதாகச் சொன்னவர்கள் வரவில்லை. சிவப்பிரகாஷ் பெங்களூருக்கு வேலை தேடிப் போனான். போகும்போது கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

கார்த்திகையில் சிப்பி நின்றுபோனது. அதற்குள் இன்னொரு வள்ளத்தின் குரலை அது ஒரு தடவை கேட்டது. நாலு பேரும் உயிரோடு வந்தார்கள். அதை எந்தப் பேப்பரும் போடவில்லை.

ஜெர்லின் இப்போது மீன் கம்பெனி ஒன்றில் இறால் உரிக்கிறாள். பஸ்ஸில் எப்போதாவது ஈவாஞ்சலினைப் பார்ப்பாள். பேசுவதில்லை. ஒரு தடவை ஈவாஞ்சலினுக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும், ஜெர்லின் நின்றுகொண்டே வந்தாள்.